நடை சாத்தும் நேரத்துக் கறி

தாமரை இலையில் பச்சைக் கறியைக் கட்டினால் ஒரு வாசனை வரும். ரத்த வாடையும் ஏரிச் சேற்றின் வாடையும் கலந்து, பஸ்ஸில் மடியில் வைத்திருக்கும்போது இலை மெல்லச் சூடேறி, பாவாடையைத் தாண்டித் தொடைக்கு ஈரம் இறங்கும்போது மூக்கில் வந்து குத்துகிற வாசனை. எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அதுதான். கேக், நட்சத்திரம், வைக்கோல் குடில் என்று டிசம்பர் மாதத்துப் பத்திரிகைகளில் உருகுகிறவர்களைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும்; இவர்கள் வீட்டுக்கெல்லாம் கறி தானாக நடந்து வந்ததா என்று கேட்கத் தோன்றும். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற பக்கத்தில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் ஊரின் வாயில், பெருமாள் கோயிலுக்கு நேர் எதிரே நிற்கும். அங்கிருந்து ஊர்த்தெரு தொடங்கும். இரண்டு பக்கமும் நிலம் வைத்திருப்பவர்களின் வீடுகள், நடுவில் நான் படித்த பள்ளிக்கூடம், தெரு முடிந்து இரண்டு வயல் தாண்டினால் எங்கள் காலனி. அவர்கள் நிலத்தில் நாற்று நடுவதும் களை எடுப்பதும் அறுப்பதும் நாங்கள். கிறிஸ்துவர்களாகி மூன்று தலைமுறை ஆகியும் அந்த ஏற்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. ஊர்த்தெருவை மிதிக்காமல் காலனிக்கு வர ஏரிக்கரை வழியும் உண்டு, ஆனால் மழை நன்றாகப் பெய்து ஏரி ரொம்பி, உபரித் தண்ணீர் "கலங்கல்" வழியாக இறங்க ஆரம்பித்தால் அந்த வழி மூழ்கிவிடும். ஏரி வழிந்தால் ஊரே கற்பூரம் கொளுத்திக் கும்பிடும். எங்கள் அம்மா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து, "போச்சு, இந்த வருசம் கறிக்கு பேஜார்" என்பாள்.

ஏன் பேஜார் என்றால், கிறிஸ்துமஸ் எப்போதும் மார்கழியில் வந்து தொலைக்கும். மார்கழியில் ஊர்த்தெரு வழியாக மாட்டுக்கறி போகக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, தண்டோரா போடவுமில்லை, எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் நுழைந்து போக ஒரு சந்து இருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பூஜையை முடித்து, கோயில் ஐயர் மணியடித்து நடை சாத்துவார். மறுபடி திறக்கச் சாயங்காலம் நான்கு மணி ஆகும். அந்த நான்கு மணி நேரம் சாமி பார்க்க மாட்டார். சாமி பார்க்காத நேரத்தில் ஊரும் பார்க்காது. வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட எங்கள் பையைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். காலனியில் இதற்கு "நட சாத்தின நேரம்" என்று பெயர். பதினோரு மணி பஸ்ஸில் உத்திரமேரூர் போய், கறி வாங்கி, ஒரு மணிக்கு ஊர் வந்து சேருகிற பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். அதை விட்டால் சாயங்கால பஸ்தான், அதில் கறியோடு இறங்கினால் செத்தோம்.

ஆகவே டிசம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டில் எதை எப்போது வாங்குவது என்ற ஒரே பேச்சாக இருக்கும். மைதா, வெல்லம், டால்டா, கடலைமாவு போன்ற "பலகார சாமான்" எப்போது வந்தாலும் எறும்பைத் தவிர யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கறிதான் கணக்கை இழுக்கும். ஐஸ்பெட்டி ஏது? இருபத்துமூன்றாம் தேதியே வாங்கினால் உப்பும் மஞ்சளும் போட்டு வேளைக்கு வேளை கொதிக்க வைத்துக் காவல் காக்க வேண்டும்; பண்டிகை அன்றைக்குப் பார்த்தால் சக்கையாக இருக்கும். இருபத்துநாலாம் தேதி வாங்கியதுதான் மறுநாள் காலை இட்லிக்குக் குழம்பாகும்போது கறியாக இருக்கும். அதற்காக எல்லாரும் இருபத்துநாலாம் தேதியே கிளம்ப முடியாது. ஒரே பஸ்ஸிலிருந்து பத்துப் பை இறங்கினால் சாமி தூங்கினாலும் ஊர் முழித்துக்கொள்ளும் என்பதால் இன்ன வீடு இன்ன தேதி என்று பிரித்துக்கொள்வார்கள். இருபத்துநாலை மட்டும் அம்மா யாருக்கும் விட்டுத் தரமாட்டாள். ஒரு வருஷம் இதற்காகவே பக்கத்து வீட்டுக்காரியின் மயிரைப் பிடித்து முற்றத்தில் இழுத்துப் போட்டாள். அந்த அம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை, அம்மாவின் கையில் கடித்துச் சதையை எடுத்துவிட்டாள். கடைசியில் தேதி அம்மாவுக்குத்தான்.

எங்கள் காலனியில் புருஷன்மார் பெண்டாட்டிகளை அடிப்பது தினப்படி நடக்கிற காரியம். எங்கள் வீட்டில் மட்டும் அடிப்பது அம்மா. கரண்டி, அன்னவெட்டி, விறகு, கையில் எது இருக்கிறதோ அது பறக்கும். நைனா குனிந்துகொள்வார். அப்பாவை எங்கள் பக்கத்தில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயர் சவரி; ஊரில் பெரிய வூட்டுக்காரர் என்று எல்லாரும் சொல்லும் நிலக்காரரிடம் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. ஆறடி உயரம், மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, அந்தக் கையை யார் மேலும் ஓங்கி நான் பார்த்ததில்லை. அம்மா எதையாவது விட்டெறிந்து குறி தப்பினால் அதை எடுத்துத் துடைத்து அவளிடமே கொடுப்பார். தோளில் தூக்கி வைத்து வரப்பில் நடந்தபடி "பாப்பா, ஏரி தெரியுதா?" என்று கேட்பார், நான் அங்கிருந்தே காலனிக்குக் கேட்கிற மாதிரி "நைனா" என்று கத்துவேன். அவரைப் போல ஒரு மனுஷன் உலகத்தில் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. கலங்கலில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டாம் தேதி சாப்பிட உட்கார்ந்தபோது நைனா அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நாளன்னிக்கு இன்னாமோ ஏகாதசியாம், புஷ்பம். கோயில்ல பந்தல் போட்டுக்கினு கீறாங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் நாளைக்கே வாங்கியாந்துடறாங்களாம். நாமளும் வாங்கிடலாமே." அம்மா அச்சில் மாவை அடைத்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். "ஏகாதசின்னா அவங்க சோறு துன்ன மாட்டாங்கயா. பட்டினி கெடக்கறவன் மத்தியானத்துல இன்னா பண்ணுவான்? சுருண்டு படுத்துக்குவான். நமக்கு இன்னும் சவுரியம்" என்றாள். அவள் சொன்னது எனக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. நைனாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும், ஆனாலும் இன்னொரு தடவை "எதுக்கு வம்பு" என்று ஆரம்பித்தார். முறுக்கு அச்சு பறந்து போய் அவர் நெற்றியில் பட்டது. ரத்தம் புருவத்தில் இறங்கியது. அவர் காப்பித்தூளை அள்ளி வைத்து அழுத்திக்கொண்டு, "அம்மாடியோ, இருவத்திநாலுன்னா இருவத்திநாலு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இருபத்துநாலாம் தேதி அம்மாவும் நானும் பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்தோம். நைனாவைப் பெரிய வூட்டுக்காரர் விடியற்காலையிலேயே கோயில் வேலைக்கு விறகு பிளக்க அழைத்துப் போயிருந்தார். உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த கறிக்கடையில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். சுற்றுப்பக்கத்து ஊர்களின் கிறிஸ்துவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். புளியமரக் கட்டையில் கத்தி இறங்குகிற சத்தமும், எலும்புத் துணுக்கு தெறித்து முகத்தில் படுவதும், "ஈரல் எனக்கு, நெஞ்செலும்பு எனக்கு" என்ற கூச்சலும், முழங்கையால் ஒருத்தரை ஒருத்தர் இடித்துத் தள்ளுவதுமாக இருந்த இடத்தில் எங்கள் அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குறுக்கே புகுந்த ஒருத்தியை "இன்னாமே, கண்ணு தெரியலயா?" என்று இடுப்பால் ஒரு இடி இடித்தாள், அவள் போய்ச் சாக்கடையில் உட்கார்ந்தாள். கறியைத் தாமரை இலையில் சுற்றி, ஒயர்கூடையின் அடியில் வைத்து, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பினோம். பஸ்ஸில் கூடை என் மடியில் இருந்தது.

ஒரு மணிக்கு இறங்கியபோதுதான் பார்த்தோம். கோயில் நடை அகலத் திறந்து கிடந்தது. பந்தல், வாழைமரம், மைக் செட்டு, தெரு முழுக்க ஜனம். வைகுண்ட ஏகாதசி அன்றைக்கு நடை சாத்தவே மாட்டார்கள் என்பது பெருமாளைக் கும்பிடுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கோயிலுக்குள் எங்கள் காலனியிலிருந்து ஒரு ஆள் காலெடுத்து வைத்ததில்லை. வெளியிலிருந்து மணிச் சத்தம் கேட்போம், அதை வைத்து நேரம் கணக்குப் பண்ணுவோம், அதற்கு மேல் அந்தச் சாமி என்றைக்குத் தூங்குவார், என்றைக்கு முழித்திருப்பார் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

பஸ் கிளம்பிவிட்டது. அம்மா ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். திரும்பிப் போக அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம். வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்தால் கறி நாறும், நாறினால் தானே காட்டிக்கொடுக்கும். "குனிஞ்சிக்கினு நட. யாராச்சும் கேட்டா கீரன்னு சொல்லு" என்று என் கையிலிருந்த கூடையை வாங்கி மாராப்பால் மூடிக்கொண்டாள். பந்தலைத் தாண்டிவிட்டோம். பள்ளிக்கூடத்தைத் தாண்டப் பத்தடிதான் இருந்தது. தெருநாய் ஒன்று பின்னால் வந்தது, நாய்க்கு என்ன ஏகாதசி? அம்மா காலால் எத்தினாள். அது இன்னும் இரண்டைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து கூடையைப் பிடித்து இழுத்தது. கூடை சாய்ந்து, கீரை சிதறி, இலை பிரிந்து, ஊர்த்தெருவின் நடுவில் போட்டிருந்த கோலத்தின் மேல் கறி விழுந்தது.

யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது. ஒரு நொடியில் சுற்றிக்கொண்டார்கள். அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். என்னோடு படிக்கிற பிள்ளைகளின் அண்ணன்கள், அப்பாக்கள், எங்கள் அம்மா களையெடுத்த நிலங்களின் சொந்தக்காரர்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். நாள் பார்த்து வேண்டுமென்றே கொண்டுவந்தாள் என்றார்கள். ஒருத்தன் அம்மாவின் கூந்தலைப் பிடித்துத் தள்ளினான், இன்னொருத்தன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "கம்பத்துல கட்டுங்கடா, புடவைய உருவிட்டுக் கட்டுங்கடா" என்று ஒரு குரல் வந்தது. நான்கைந்து பையன்கள் நிஜமாகவே பந்தல் கயிற்றை அவிழ்க்க ஓடினார்கள். நான் ஓடிப்போய் முந்தானையைப் பிடித்திருந்தவனின் தொடையைக் கடித்தேன். ஒரு பெண்பிள்ளை என் சடையைப் பிடித்து இழுத்துத் தன் இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். அவள் என்னை அடிக்கவில்லை, விடவும் இல்லை.

அப்போது பெரிய வூட்டுக்காரர் வந்தார். கூட்டம் வழி விட்டது. அவருக்குப் பின்னால் நைனா, கையில் பிளந்த சவுக்கு விறகோடு, நெற்றியில் காப்பித்தூள் காய்ந்து ஒட்டியிருக்க, ஓடி வந்து நின்றார். பெரிய வூட்டுக்காரர் குரலை உயர்த்தவே இல்லை. "இன்னா சவரி, உன் பொண்டாட்டிய நாங்க கண்டிக்கறதா, நீ கண்டிக்கறியா?" என்று கேட்டார். கயிறு வந்துவிட்டிருந்தது. நைனா "ஐயா, தெரியாம பண்ணிட்டா ஐயா" என்று கும்பிட்டார். அம்மா கையை உதறிக்கொண்டு பாய்ந்து நைனாவின் காலைக் கட்டிக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி என்னவோ சொன்னாள். மைக் செட்டில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அடிக்காதே என்று கெஞ்சுகிறாள் என்று நினைத்தேன். அம்மா கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

நைனா அவளைத் தூக்கி நிறுத்தி இடது கன்னத்தில் அறைந்தார். அந்தச் சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. விழுந்தவளைத் தூக்கி மறுபடி அறைந்தார். பிறகு சவுக்கு விறகு. முதுகில், தோளில், தொடையில், நெல் அடிக்கிற மாதிரி ஒரே சீராக அடித்தார். ரவிக்கை கிழிந்து ரத்தம் வந்தது. விறகு உடைந்தது, உடைந்த பாதியால் அடித்தார். பார்த்துக்கொண்டிருந்த ஊர்ப் பெண்களில் ஒருத்தி "போதும்பா, செத்துடப் போறா" என்று சொல்லும் வரைக்கும் அடித்தார். கயிறு கொண்டுவந்த பையன்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். பெரிய வூட்டுக்காரர் "சரி, விடு, போய் வேலையப் பாரு" என்றார். நைனா உடைந்த விறகைக் கீழே போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாணம் கரைத்த வாளியைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார்கள். அவள் கறி விழுந்த இடத்தையும் தன் ரத்தம் விழுந்த இடத்தையும் சேர்த்துத் தெளித்துக் கழுவினாள். அதற்கு முன்னால், அத்தனை பேரும் பார்க்க, நாய் இழுத்துப் போனது போக மிச்சம் இருந்த கறித்துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கூடையில் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. எனக்கு அவமானத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு கண் மூடிப்போன முகத்தோடு அதை மஞ்சளும் உப்பும் போட்டு எத்தனையோ தண்ணீரில் அலசி அலசி அடுப்பில் ஏற்றினாள். "துட்டு குடுத்து வாங்கினது" என்றாள்.

பொழுது சாய்ந்து நைனா வந்தார். வாசலில் நின்றபடி என் தலையைத் தொடக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கடித்தேன். பல் சதைக்குள் இறங்கி, வாயெல்லாம் உப்பாக ரத்தம் வரும் வரைக்கும் கடித்தேன். அவர் கையை இழுக்கவில்லை. நான் களைத்துப்போய் விட்டதும் வெளியே போய்த் தொட்டியில் கழுவிக்கொண்டார். மறுநாள் கிறிஸ்துமஸ். அம்மா இட்லியும் கறிக்குழம்பும் வைத்தாள். மண் கடிக்கும் என்று நினைத்தேன், கடிக்கவில்லை. ருசியாகத்தான் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நைனா மட்டும் ரசம் விட்டுச் சாப்பிட்டார். அன்றைக்கு மட்டுமில்லை, சாகும் வரைக்கும் மாட்டுக்கறியை வாயில் வைக்கவில்லை.

அன்றோடு நான் அவரை நைனா என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். ஏதாவது சொல்ல வேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சொல்வேன், அல்லது "அம்மா கூப்புடுது" என்பேன். அவர் ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அடுத்த வருஷத்திலிருந்து கிறிஸ்துமஸ் கறி வாங்குகிற வேலையை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஏரி வழிகிற வருஷங்களில்கூட ஊர்த்தெரு பக்கம் வராமல், பை தலையில் இருக்க, மார்பளவு தண்ணீரில் கலங்கலைக் கடந்து வருவார். ஒரு தடவை வழுக்கி, இழுத்துக்கொண்டு போய்க் கருவேல முள்ளில் மாட்டி, உடம்பெல்லாம் கீறலோடு வந்து நின்றார். பை நனையவில்லை. நான் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு இடது காது போயேவிட்டது. அவளிடம் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் மேல் வெறி வரும். நான் ஆசிரியை வேலைக்குப் படித்தது, செங்கல்பட்டில் வேலை கிடைத்தது, கல்யாணம், குழந்தைகள் எல்லாம் அந்த வெறியோடுதான் நடந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் செத்தார். கடைசி நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊற்றினேன். அப்போதும் அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். என்னென்ன வாங்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். நான் ஒன்று சொல்ல அவள் ஒன்று கேட்டு, மூன்றாவது தடவையும் கத்த வேண்டி வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கி, "அந்தாளு அன்னிக்கு உன்ன அப்படி அடிச்சதுக்கு அவர் கை அழுகியிருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். அது மட்டும் அவளுக்குக் காதில் விழுந்துவிட்டது. கையிலிருந்த முறத்தை என் மேல் விட்டெறிந்தாள்.

"லூசு மாதிரி பேசாத. அடின்னு சொன்னதே நான்தான். காலப் புடிச்சிக்கினு இன்னா சொன்னேன்னு நெனச்ச? அடியா, நல்லா அடி, அவனுங்க கை வைக்கறதுக்குள்ள நீ அடி, மெதுவா அடிச்சா நம்ப மாட்டானுங்கன்னேன். அந்தாளு மாட்டேன்னு தலைய ஆட்னாரு. நான்தான் நகத்தால கால்ல கீறி அடிக்க வச்சேன். தேதிய நான் புடிவாதமா வச்சேன், அடிய நான் வாங்கனேன். அந்தாளு இன்னா பண்ணாரு?"

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டேன் என்பது தப்பு, கத்தினேன்.

"அவர்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. 'பாப்பா என் மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போவட்டும், நான் தாங்கிக்குவேன். ஊர்க்காரன் மேல கோவத்த வச்சிக்கினா தெனம் அந்தத் தெருவுல எப்படி ஸ்கூலுக்குப் போவும்? கல்லெடுத்து அடிக்கும், அது உன் கொணம். படிப்பும் போவும், உசுரும் போவும்'னாரு. பெரியவளாயி வேலைக்குப் போனதும் சொல்றேன்னேன். இப்ப இன்னாத்துக்கு, நல்லாக் கீதுல்லன்னாரு."

அம்மா முறத்தை எடுத்துவரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தெருவில், அந்தப் பள்ளிக்கூடத்தில், என் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தவனின் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்திருக்கிறேன். ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் என் கோபம் முழுவதும் வீட்டில் ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மனுஷன் மேல் இருந்தது. அவர்களை நான் அன்றைக்கே வெறுத்திருக்க வேண்டும், அவரை வெறுத்தேன்.

பட்டியலை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். இப்போதெல்லாம் ஊர்த்தெருவில் கறிக்கு நேரம் பார்ப்பதில்லை. போனில் சொன்னால் கடைப் பையன் கறுப்புப் பாலித்தீன் பையில் போட்டுக் காலனிக்கே பைக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான். கலங்கலின் மேல் பாலம் வந்துவிட்டது. மார்கழி பஜனைக்கு ஆள் சேராமல் நின்றுபோய்ப் பல வருஷமாகிறது. கோயிலுக்கு வேறு ஊரிலிருந்து வரும் ஐயர் காலையில் ஒரு மணி நேரம் பூஜை செய்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவதால், நடை பெரும்பாலும் சாத்தியேதான் இருக்கிறது. பெரிய வூடு பூட்டிக் கிடக்கிறது, அவர் பிள்ளைகள் சென்னையில். அந்த அடியைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியாது.

பள்ளிக்கூடத்துக்குப் பத்தடி முன்னால், அந்த இடத்தில், வண்டியை நிறுத்தினேன். மத்தியான வெயில். சிமெண்டு ரோடு. வாயைத் திறந்தேன், அந்தச் சொல் வந்துவிட்டது. "நைனா" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். இன்னொரு தடவையும் கத்தினேன்.

ஒரு வீட்டுக்குள்ளிருந்து டிவி சத்தத்தோடு கல்லூரிக்குப் போகிற வயசில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். யார் வீட்டுப் பெண் என்று எனக்குத் தெரியவில்லை. "இன்னாக்கா, யாரக் கூப்புடறீங்க?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"எங்க நைனாவ" என்றேன்.

அந்தப் பெண் படியிறங்கி வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, எனக்காகத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.